கரும்புள்ளி பார்த்த அறை

போன கிழமை மகளுக்குச் சீருடைத் துணி எடுக்கக் கல்முனைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் புதுத் துணிக்கட்டை மேசையில் உருட்டி விரித்ததும் கஞ்சி வாசம் எழும்பியது. "எத்தின மீற்றர் வேணும் ராத்தா?" என்று அவர் இரண்டாம் தரம் கேட்டபோதும் நான் துணியை முகர்ந்துகொண்டு நின்றேன்.

அந்த வாசத்துக்குள்தான் நான் மூன்று வருடம் வேலை செய்தேன். சாய்ந்தமருதில் ஒரு துணிக்கடையின் மேல்மாடி அறை; இரண்டு கணினி, ஒரு மின்விசிறி, நானும் நஸ்ரினும். வெளிநாட்டில் வானியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஒருவர், விண்வெளித் தொலைநோக்கி அளந்த நட்சத்திர வெளிச்சங்களைத் தரம் பிரித்துக் கொடுக்க எங்களை அமர்த்தியிருந்தார். எங்களுக்கு அவர் 'சேர்'. வானத்தை ஆராய்கிறேன் என்று ஊரெல்லாம் பெருமையடித்தேன். ஆனால் பகல் முழுக்கத் திரையில் கோடுகளைப் பார்ப்பதுதான் வேலை. எந்த நட்சத்திரம் எங்கே என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குக் கை காட்டத் தெரியாது.

நம் சூரியன் ஒருமுறை சுழல ஏறக்குறைய ஒரு மாதம் எடுக்கும். எங்களுடையவை அவசரக்கார நட்சத்திரங்கள். ஒரு நாளுக்குள் சுழன்று முடித்துவிடும். அவற்றின் கரும்புள்ளிகள் நம் பக்கம் வரும்போது வெளிச்சம் குறைந்து கோடு பள்ளமாகும். புள்ளிகள் பெருகினால் பள்ளமும் ஆழமாகும். ஒரு நட்சத்திரத்தில் அந்த ஆழம் கூடிக் குறைந்து, ஒரு வருடத்துக்குச் சற்றுக் கூடிய இடைவெளியில் திரும்பவும் கூடுவதை நஸ்ரின்தான் கண்டாள்.

"இஞ்ச பாருகா, மூச்சு உடுற மாதிரி இரிக்கி." எங்களுக்குள் எப்போதும் 'நீ', 'கா' என்கிற பேச்சுத்தான்.

சேர் நம்பவில்லை. "அது தொலைநோக்கியின்ட குறை. விட்டிடுங்க."

அவள் விடவில்லை. தொலைநோக்கியின் குறை என்றால் பக்கத்து நட்சத்திரங்களிலும் தெரிய வேண்டுமே என்று இரண்டு மாதம் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்றிலும் இல்லை. அதற்குள் அவள் பிள்ளைத்தாய்ச்சி. படியேறக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். கடைசி நாள், எல்லாவற்றையும் குறித்து வைத்திருந்த தன் கொப்பியை என்னிடம் தந்தாள்.

"சேர்ட்ட நீ காட்டுகா. நான் பாத்ததெண்டு சொல்லு, என்ன?"

"ஓம்" என்றேன்.

அடுத்த கிழமை கணினித் திரையில் சேர் முகம் மலர்ந்து கேட்டார்: "அருமையான வேல. இத நீங்களா பாத்தீங்க?"

"ஓம் சேர்."

இணைப்பு விட்டுவிட்டு வந்தது, அவர் அவசரத்தில் இருந்தார், பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று எனக்கு நானே எத்தனையோ காரணம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். உண்மை இதுதான்: அந்த மனிதர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அது எனக்கு வேண்டியிருந்தது.

அந்த நட்சத்திரத்தைப் பற்றிய கட்டுரை வந்தது. சேரின் பெயர், பக்கத்தில் என் பெயர். யாரோ என் படத்தை முகநூலில் போட்டு வாழ்த்தினார்கள். அதைப் பார்த்துவிட்டு நஸ்ரின் கைக்குழந்தையோடு வீட்டுக்கு வந்தாள்.

"ரெண்டு பேர்ர பேரும் போட்டா கடதாசி காணாதாமா?"

"சேர்தான்கா அப்பிடிப் போட்டாரு."

இது இரண்டாவது பொய். உம்மா கொண்டுவந்து வைத்த தேத்தண்ணியைத் தொடாமல் அவள் எழும்பிப் போய்விட்டாள்.

அந்தப் பெயரால் எனக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த வருடமே வேலை முடிந்தது. இப்போது பள்ளிக்கூடத்தில் பின்னக் கணக்குப் படிப்பிக்கிறேன்.

போன வருடம் சேருக்கு எல்லாவற்றையும் எழுதினேன். இரண்டு வரியில் பதில் வந்தது: பழைய கட்டுரை, இனிக் கிளற வேண்டாம். வாசித்ததும் நெஞ்சுக்குள் ஓர் ஆறுதல். அந்த ஆறுதலுக்காகத்தான் என்னை என்னால் மன்னிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு நான் யாருக்கும் எழுதவுமில்லை.

நாங்கள் வேலை செய்த அந்தக் கடையை இடித்துவிட்டார்கள். கொப்பியை வீடு மாறியபோது தொலைத்துவிட்டேன். நஸ்ரினை எப்போதாவது பஸ்ஸில் காண்பேன். கோபம் காட்ட மாட்டாள். பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவரைக் கண்டால் எவரும் செய்வதுபோல் ஒதுங்கி இடம் தருவாள்.

"இரிங்க மிஸ்" என்பாள். "சுகமா இரிக்கிங்களா?"