அலாஸ்காவும் இரண்டு பெட்டிகளும்

எந்த ஊரில் போய் இறங்கினாலும் நான் முதலில் செய்கிற காரியம் விசாரிப்பது. பஸ் எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் ஏற வேண்டும், கோயில் நடை எப்போது சாத்துவார்கள், திரும்பிவரக் கடைசி வண்டி எது என்பதையெல்லாம் இரண்டு பேரிடமாவது கேட்டுச் சரிபார்க்காமல் எனக்கு ஒரு வாய் காபி இறங்காது. முதல் ஆள் சொன்னதை இரண்டாவது ஆள் மறுத்தால் மூன்றாவது ஆளைத் தேடிப் போவேன். “ஒரு நிமிஷம், விசாரிச்சுட்டு வந்துடறேன்” என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனால் திரும்பி வரும்போது எல்லாத் தகவலும் என் சட்டைப் பையில் இருக்கும். அவள் இதைக் குறை சொன்னதே இல்லை. அதனால் இது என்னிடம் இருக்கும் பெரிய திறமை என்று நம்பி வந்தேன்.

அந்த நம்பிக்கையில்தான் அலாஸ்கா பயணத்தையும் கையில் எடுத்தேன். எங்கள் மகள் வான்கூவரில் இருக்கிறாள். நான் கட்டடக் கம்பெனி வேலையிலிருந்தும் அவள் அம்மா தபால் நிலைய கவுண்டரிலிருந்தும் ஓய்வு பெற்றாயிற்று, முழங்கால் நன்றாக இருக்கும்போதே ஊர் பார்த்துவிடுங்கள் என்று சொல்லி, அங்கிருந்து புறப்படும் ஒரு கப்பலில் எங்களுக்கு ஏழு நாள் இடம் பிடித்துவிட்டாள். கப்பல் எங்களை அலாஸ்காவில் ஒரு துறைமுகத்தில் இறக்கிவிடும். அதற்குப் பிறகு தரையில் நான்கு நாள். அந்த நான்கு நாளைத்தான் நாங்கள் முடிவு செய்ய வேண்டியிருந்தது. கப்பல் கம்பெனியே தன் பஸ்ஸிலும் ரயிலிலும் ஏற்றி, தன் விடுதிகளில் தங்கவைத்து, சுற்றிக் காட்டித் திருப்பி அனுப்பும். அது ஒரு வழி. இல்லையென்றால் நாமே டிக்கெட் எடுத்து, நாமே அறை பிடித்து, நம் இஷ்டப்படி போகலாம். வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள் என்றாள் மகள்.

இதில் முடிவு செய்ய என்ன இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. கொடி பிடித்த ஒருவர் பின்னால் நாற்பது பேரோடு நடந்து, எண்ணி இறக்கி எண்ணி ஏற்றப்படுவது எனக்கு ஆகாது. மயிலாப்பூர் நண்பர் ஒருவர், சமையல்காரரையும் கூடவே அழைத்துப் போகிற யாத்திரைக் கோஷ்டியில் காசிக்குப் போய்வந்தார். வந்து ஒரு மணி நேரம் அங்கே போட்ட வத்தக்குழம்பைப் பற்றியே பேசினார். கங்கை எப்படி என்று கேட்டதற்கு, நன்றாக இருந்தது என்றார். அந்த வகையில் சேர எனக்கு விருப்பமில்லை. மூன்று நாளில் நாற்பது பக்க நோட்டு ஒன்றை நிரப்பிவிட்டேன். ரயில் நேரம், விடுதி, கரடி பார்க்கப் போகும் பஸ், பனிமலை தெரிய எந்தப் பக்கத்து ஜன்னல், ஒன்றையும் விடவில்லை.

இருந்தாலும் புதன்கிழமை இருவரும் தி. நகரில் ஒரு டிராவல் ஏஜென்ட்டைப் பார்க்கப் போனோம். உண்மையைச் சொன்னால், என் நோட்டை விஷயம் தெரிந்த ஒருவர் பார்த்து மெச்ச வேண்டும் என்ற ஆசை. பாண்டி பஜாரை ஒட்டிய தெருவில், குறுகலான படி ஏறிப் போகும் முதல் மாடி அலுவலகம். ஏஜென்ட் நடுத்தர வயதுக்காரர், பேச்சில் வெண்ணெய். நோட்டைப் புரட்டி, சூப்பர் என்று சொல்லிவிட்டு, கப்பல் கம்பெனிச் சுற்றுலாவை ஒப்பிக்க ஆரம்பித்தார். கண்ணாடிக் கூரை போட்ட ரயில் என்றார், கைடு என்றார். நான் பாதியைக் காதில் வாங்கவில்லை. கடைசியாக என் மனைவியைப் பார்த்து, “பெட்டியை நீங்க தொடவே வேணாம் மேடம். காலையில ரூம் வாசல்ல வெச்சுட்டுக் கிளம்பிடுங்க. சாயந்திரம் அடுத்த ஊர் ரூம்ல இருக்கும்” என்றார்.

அதுவரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அப்ப நடுவுல பெட்டிய யாரு பாத்துக்குவாங்க?”

“யாரும் பாக்க வேணாம் மேடம். அது பாட்டுக்குப் போயிடும்.”

அவள் அதையே வேறு மாதிரி இன்னொரு முறை கேட்டாள். அவரும் பொறுமையாக இன்னொரு முறை சொன்னார். பெட்டி போகிற வழியைப் பற்றி ஒரு மனுஷிக்கு இவ்வளவு ஆர்வமா என்று எனக்குச் சங்கடமாக இருந்தது.

திரும்பி வருகிற ஆட்டோ, மெட்ரோ வேலைக்காக அடைத்திருந்த சாலையில் நின்று நின்று நகர்ந்தது. கப்பல்காரர்களோடேயே போய்விடலாம் என்றாள் அவள். எனக்குச் சுருக்கென்றது. இப்படி நான் எழுதிய நோட்டுகளை வைத்துக்கொண்டு இந்தியாவையே சுற்றியவர்கள் நாங்கள். வயதாகிவிட்டது, பயம் வந்துவிட்டது, பெட்டி தூக்க மலைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ராஜா அண்ணாமலைபுரத்தில் வீட்டு வாசலில் இறங்கும்வரை நோட்டையே புரட்டிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து பழைய ஆல்பங்களை இறக்கினேன். நாமாகவே போன பயணங்களில் என்ன குறை கண்டாய் என்று ஆதாரத்தோடு கேட்க வேண்டும் என்ற வீம்பு. சோபாவில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினேன்.

ஹம்பி வந்தது. கல் ரதத்தின் முன்னால் மகள் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். மனைவி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, ஹொஸ்பேட் பஸ் நிலையத்தில் வெள்ளரிக்காய் விற்ற ஓர் அம்மாவைப் பற்றிச் சொன்னாள். அந்த அம்மாவின் மருமகளுக்கு அப்போது ஒன்பதாம் மாதமாம். வெள்ளரிக்காய்க்குக் காசு வாங்க மாட்டேன் என்றாளாம். எனக்கு இப்படி ஒருத்தி இருந்ததே தெரியாது. என்ன ஞாபகசக்தி என்று சிரித்தேன். உதய்ப்பூர் வந்தது. ஏரி நடுவே அரண்மனை. அவள் சொன்னது, ரயில் நிலையக் காத்திருப்பு அறையில் அழுதுகொண்டிருந்த ஒரு புதுப்பெண்ணைப் பற்றி. அரண்மனை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். அது நீங்கள் பார்த்தது என்றாள்.

அடுத்த பக்கம் கொனார்க். கல் சக்கரத்தின் படத்தை ஆல்பத்தில் ஒரு முழுப் பக்கத்துக்கு ஒட்டி வைத்திருந்தேன். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தச் சக்கரத்தின் ஆரங்களை வைத்து மணி பார்ப்பதை விளக்காமல் அனுப்பமாட்டேன்.

“கொனார்க் சக்கரத்த நான் பாக்கலயே” என்றாள். ரசத்தில் உப்பு போடலையே என்பது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்.

பார்க்காமல் எப்படி, மூன்று பேரும்தானே போனோம் என்றேன்.

“க்ளோக் ரூம் பூட்டியிருந்துச்சு. நான் பெட்டிகிட்ட உக்காந்தேன். நீங்களும் பாப்பாவும் போயிட்டு வாங்க, அப்புறம் நான் போறேன்னேன். நீங்க வரவும் பஸ்ஸு வரவும் சரியா இருந்துச்சு. அதுதான் கடைசி பஸ்ஸுன்னு நீங்க விசாரிச்சு வெச்சிருந்தீங்க.”

படத்தை மறுபடியும் பார்த்தேன். சக்கரத்தின் அருகே மகள் மட்டும்தான் நின்றாள். இத்தனை வருடம் எத்தனை பேரிடம் அந்தக் கதையைச் சொல்லியிருப்பேன். ஒவ்வொரு முறையும் ‘நாங்க பாத்தோம்’ என்றுதான் சொன்னேன். பொய் சொல்வதாக நினைத்துச் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பியிருந்தேன். அவளும் ஒவ்வொரு முறையும் விருந்தாளிக்குக் காபியைக் கொடுத்துவிட்டு, அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றிருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

ஒரு தடவைகூட ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொல்லியிருந்தா மறுபடி கூட்டிட்டுப் போறேன்னு உடனே டைம்டேபிள எடுத்துருப்பீங்க. அப்பவும் பெட்டிய நான்தான பாத்துக்கணும்” என்று சிரித்தாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். சிரித்துவிட்டதால் ஆல்பத்தை மூடி வைத்தேன்.

வியாழக்கிழமை காலை அவள் காய்கறி வாங்க மயிலாப்பூர் குளத்தங்கரைக் கடைகளுக்குப் போயிருந்தாள். அந்த நேரத்தில் ஏஜென்ட்டுக்குப் போன் செய்து, கப்பல் கம்பெனிச் சுற்றுலாவிலேயே எங்களைச் சேர்த்துவிடுங்கள் என்று சொன்னேன். நோட்டை மூடி அலமாரியில் வைத்தேன். மனசு கனத்தது, ஆனாலும் அவளுக்காக ஒன்றை விட்டுக்கொடுத்த நிம்மதி இருந்தது. கொஞ்சம் பெருமையும் இருந்தது என்று ஒத்துக்கொள்கிறேன். அவள் பையோடு உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாக விஷயத்தைச் சொன்னேன்.

அவள் வாழைப்பூவை மேஜையில் வைத்தாள்.

“என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

நீதானே நேற்று சொன்னாய் என்றேன்.

“நேத்து சொன்னேன். அப்புறம் நானும் யோசிச்சேன். அவர்கிட்ட கேக்க எனக்கு ரெண்டு கேள்வி இருந்துச்சு. நீங்களே போன் பண்ணி நீங்களே முடிச்சுட்டீங்க.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “முப்பத்தோரு வருஷம் கவுண்டருக்குள்ள உக்காந்து ஊருக்கே பதில் சொன்னவ நான். ஒரு தடவையாவது என்னை விசாரிக்க அனுப்பியிருக்கீங்களா?” என்றாள்.

இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. அவளுக்காகச் செய்கிறேன் என்று நினைத்து, மறுபடியும் அவளை ஓர் ஓரமாக உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் போய் முடித்துவிட்டு வந்திருக்கிறேன். அவள் சொன்ன பிறகுதான் அது என் மண்டையில் ஏறியது. நாளைக்கு இரண்டு பேரும் நேரில் போவோம் என்றேன். அவள் வாழைப்பூவை ஆய ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமை முதலில் குளிருக்குப் போட்டுக்கொள்ளும் உள்ளாடைகளும் ஸ்வெட்டர்களும் வாங்கினோம். வியர்வை வழிய நின்றுகொண்டு கம்பளி வாங்குகிற கூத்து தி. நகரில்தான் நடக்கும். நான்கு பெரிய பைகள் சேர்ந்துவிட்டன. ஏஜென்ட் அலுவலகத்தின் படி அத்தனை பைகளோடு ஏற முடியாத அளவுக்குக் குறுகல். அவள் படியைப் பார்த்தாள், பைகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“நீங்க பையோட இங்கயே இருங்க. ஒரு நிமிஷம், விசாரிச்சுட்டு வந்துடறேன்.”

வேண்டுமென்றேதான் சொன்னாளா என்று இன்றுவரை கேட்கவில்லை. கீழ்ப்படியில் பைகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் பத்து நிமிடம் பரவாயில்லை. எதிரே டீக்கடை இருந்தது, ஏலக்காய் வாசனை வந்தது. எழுந்து போகலாமென்றால் பைகளை என்ன செய்வது. நான்கையும் தூக்கிக்கொண்டு தெருவைக் கடக்க முடியாது. பக்கத்து நடைபாதையில் ஹேர்கிளிப் விற்றுக்கொண்டிருந்த பெண்ணிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லத் தயக்கம். போன் ஒரு பைக்குள் எங்கோ அடியில் போய்விட்டது. எதிர்க் கட்டடத்துப் பெயர்ப் பலகையை நான்கு தடவை படித்தேன். தெருமுனையில் மேளச் சத்தம் கேட்டது, கூட்டமாக எல்லோரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். என்னவென்று எனக்குத் தெரியவில்லை, இன்னும் தெரியாது.

“இன்னா சார், ரொம்ப நேரமா குந்திகினுகீற. வூட்டுக்காரம்மா மேல போய்க்கீதா?” என்றாள் கிளிப் விற்கிற பெண்.

ஆமாம் என்றேன். “வந்துடும் வந்துடும்” என்று ஆறுதல் சொல்லிவிட்டு, தன் மகன் வேளச்சேரியில் வேலைக்குச் சேர்ந்திருப்பதையும் மழை வந்தால் அவன் வீட்டுக்குள் தண்ணீர் வருவதையும் சொன்னாள். கேட்டுக்கொண்டே இருந்தேன். ஹொஸ்பேட்டில் வெள்ளரிக்காய்க் கடை முன்னால் என் மனைவி இப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்திருப்பாள் என்று தோன்றியது.

நாற்பது நிமிடம் கழித்து அவள் இறங்கி வந்தாள். கையில் ஒரு காகிதம். கவுண்டரில் உட்கார்ந்த காலத்துக் கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருந்தாள்.

“கப்பல்காரங்க டூர் வேணாம்னுட்டேன். உங்க நோட்டுல இருக்கற மாதிரியே போறோம்.”

அப்புறம் புதன்கிழமை ஏன் அப்படிச் சொன்னாய் என்றேன்.

“கூட்டத்தோட போறது எனக்கும் பிடிக்காது. பெட்டிதான் பிரச்சின. நீங்க பாதிப் பிரச்சினதான்” என்றாள். ஏஜென்ட்டிடம் அவள் கேட்ட முதல் கேள்வி, கப்பல் கம்பெனியோடு போகாதவர்கள் பெட்டியை என்ன செய்வார்கள் என்பது. அவருக்கே தெரியவில்லையாம். கம்ப்யூட்டரில் தேடி, விடுதிக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறார். ரயிலிலேயே சாமான்களுக்குத் தனிக் கோச் உண்டு, ஏறும் நிலையத்தில் ஒப்படைத்துவிடலாம், இறங்கும் இடத்திலிருந்து விடுதி வேனே எடுத்துப் போய்விடும் என்று பதில் வந்தது. இரண்டாவது கேள்வி, நாம் போகும்போது அறை தயாராக இல்லையென்றால் பெட்டியை எங்கே விடுவது. அதற்கும் இரண்டு விடுதிகளிலும் இடம் இருக்கிறதாம். ஒரு விடுதியில் பெட்டி வைக்கும் அறையைச் சாயந்திரம் ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள் என்பதுவரை எழுதிக்கொண்டு வந்திருந்தாள்.

“கேட்டா சொல்றாங்க” என்று சொல்லிவிட்டு இரண்டு பைகளை எடுத்துக்கொண்டாள். மற்ற இரண்டையும் நான் எடுத்துக்கொண்டேன். டீக்கடைக்குப் போனோம்.

வீட்டுக்கு வந்து அவளுடைய காகிதத்தை என் நோட்டுக்குள் ஒட்டுவதற்காக ஒரு பக்கம் தேடினேன். முதலிலிருந்து கடைசிவரை புரட்டினேன். நாற்பது பக்கத்தில் பெட்டியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஊர் ஊராக, கவுண்டர் கவுண்டராக, எதையெல்லாமோ விசாரித்திருக்கிறேன். பெட்டியை எங்கே விடலாம் என்று மட்டும் நான் யாரையும் கேட்டதில்லை. கேட்கும் அவசியம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.