உபயம் ரூபாய் லட்சத்து ஒன்று

தாம்பரம் மேற்கில், ஸ்டேஷனை ஒட்டி, ஒரு சைக்கிள் ஸ்டாண்டுக்கு மேல்மாடியில் எங்கள் ஆடிட்டர் ஆபீஸ் இருந்தது. மின்சார ரயில் கடக்கும்போதெல்லாம் மேஜைமேல் இருக்கும் டம்ளர் தண்ணீரில் வட்டம் வட்டமாக நடுக்கம் ஓடும். எண்பதுகளின் நடுவில், பி.காம் முடித்த கையோடு அங்கே சேர்ந்தேன். டைப் அடிப்பதும் நான்தான், கணக்கு எழுதுவதும் நான்தான், வருகிறவர்களுக்கு நாற்காலியைத் துடைத்துப் போடுவதும் நான்தான். நான் ஒருத்தி, என்னைத் தவிர ஆடிட்டர் சார் மட்டும். அவருக்குப் பின்னால் சுவர் முழுக்க ஃபைல்கள், அவற்றின் மேல் ரயில்பாதையின் தூசி.

படியேறி வருகிற கால்களின் சத்தத்தைக் கேட்டே ஆளைச் சொல்லிவிடுவேன். கடைக்காரர்கள் தடதடவென்று வருவார்கள். நோட்டீஸ் வந்தவர்கள் அப்படி வருவதில்லை. பாதிப்படியில் நின்றுவிடுவார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது. திரும்பிப் போய்விட்டார்களோ என்று நினைக்கும்போது மறுபடி ஒரு செருப்பு உராயும்.

சுற்றுவட்டாரத்துக் கிராமத்துக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சர்க்காரின் பழுப்புக் கவர் வந்தால் பிரிக்கமாட்டார்கள், சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிடுவார்கள். சாமி பார்த்துக்கொள்ளும் என்பதற்காக இல்லை. கண்ணில் படாமல் கிடக்கட்டும் என்பதற்காக. எங்களிடம் வந்து சேரும்போது கவரில் விபூதியும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறியிருக்கும், பதில் சொல்லவேண்டிய நாள் எப்போதோ போயிருக்கும். ஆகவே நாங்கள் செய்த உதவி பெரும்பாலும் வாய்தா வாங்குவதுதான். வாய்தா வாங்கி, இன்னொரு வாய்தா வாங்கி, வரப்போவதைச் சற்றுத் தள்ளி நிற்க வைப்போம். அதற்கே சிலர் வாழைத்தார் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள்.

ஒரு பெரியவரும் அப்படித்தான் பாதிப்படியில் நின்று வந்தார். சேலையூருக்கும் மாடம்பாக்கத்துக்கும் நடுவில் ஓர் ஊர். வெளுத்த வேட்டி, அதைவிட வெளுத்த மீசை. பின்னாலேயே அவர் மகள். கட்டிக்கொடுத்த இடத்தில் வாழப் பிடிக்காமல் திரும்பி வந்தவள், என் வயதுதான் இருப்பாள். கையில் பால் தூக்கு. பாலை ஊற்றிவிட்டு அப்படியே வந்திருந்தாள். தூக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசிவரை மடியிலேயே வைத்திருந்தாள்.

வயல்களில் நெல் போய்க் கல் முளைத்த காலம் அது. நேற்று நாற்று நின்ற சேற்றில் இன்று வெள்ளையடித்த மனைக்கற்கள் வரிசை கட்டி நிற்கும், கொக்குகள் வந்து அவற்றின்மேல் உட்கார்ந்து ஏமாறும். அவரும் விற்றவர்தான். விற்ற காசு இன்னொரு மகளின் கல்யாணத்திலும் பழைய கடனிலும் கரைந்துவிட்டது. மிச்சம் இருந்தது கிணற்றடியில் ஓர் அரை ஏக்கர். அதில் புல் போட்டு, இரண்டு எருமை வைத்து, கேம்ப் ரோடு பக்கம் பால் ஊற்றித்தான் இந்த மகள் சாப்பிட்டாள். அந்த நிலம் அவளுக்கு என்று சொல்லியிருந்தார். சொல்லித்தான் இருந்தார், இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை.

கவரைப் பிரித்தோம். அவர் ஊர் அம்மன் கோயிலில் ஒரு சலவைக்கல் இருக்கிறது. கும்பாபிஷேகத்துக்கு உபயம் ரூபாய் லட்சத்து ஒன்று என்று அவர் பெயர் போட்டு வெட்டியிருக்கிறது. வரி இலாகாவின் இன்ஸ்பெக்டர் ஒருவர் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனவர், மழைக்குக் கோயில் மண்டபத்தில் ஒதுங்கியிருக்கிறார். மழை விடவில்லை. படிக்க வேறொன்றும் இல்லை. கல்லைப் படித்தார். இத்தனை பணம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்பதுதான் நோட்டீஸின் கேள்வி.

பெரியவர் சிரித்துவிட்டார். இவ்வளவுதானா என்கிற சிரிப்பு.

"அது என் காசு மட்டும் இல்ல சார். ஊரே போட்டது. எங்க வூடு பெரிய வூடு, அதனால கல்லுல எங்க பேரு. எங்கப்பா காலத்துலயும் அப்படித்தான்."

அவர் பங்கு எவ்வளவு என்று சார் கேட்டார். சொன்னார். கல்லில் இருந்ததில் ஆறில் ஒரு பங்குகூட வராது. சாரின் முகம் தெளிந்தது. எனக்கும் மூச்சு வந்தது. அப்படியானால் வசூல் கணக்கு இருக்குமே, அதைக் கொண்டுவாருங்கள், முடித்துவிடலாம் என்றார் சார்.

"கணக்கு அம்மன்கிட்ட ஒப்பிச்சாச்சு சார்."

புரியவில்லை. மகள்தான் விளக்கினாள். கும்பாபிஷேகம் முடிந்ததும் யார் எவ்வளவு போட்டார்கள் என்பதை அம்மன் முன்னால் ஒருமுறை உரக்கப் படிப்பார்கள். படித்த தாளைக் கற்பூரத்தில் காட்டிக் கொளுத்திவிடுவார்கள். நான் அதிகம், நீ குறைவு என்று நாளைக்கு எவனும் பேசக்கூடாது. அவ்வளவு அழகான ஏற்பாடு. சாம்பலை எல்லோரும் நெற்றியில் இட்டுக்கொள்வார்கள்.

சார் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். வருஷக்கணக்காகப் பேரேடும் ரசீதும் சேர்த்துக் கட்டிவைத்தே வாழ்ந்த மனிதர். "அம்மனை விட்னஸ் பாக்ஸ்ல ஏத்த முடியாதே சார்" என்றார் மெதுவாக. யாரும் சிரிக்கவில்லை.

வரி கட்ட முடியாவிட்டால் நிலம் ஏலத்துக்குப் போகும் என்று தெரிந்ததும் மகள் ஒன்றே ஒன்று கேட்டாள். கிணற்றடியை இப்போதே அவள் பெயருக்கு எழுதிவிட்டால் என்ன? நோட்டீஸ் வந்தபிறகு எழுதினால் செல்லாது என்று சார் சொல்லவேண்டியிருந்தது. தூக்கின் மூடியை அவள் அழுத்தி மூடினாள், ஏற்கெனவே மூடியிருந்ததை.

மிச்சமிருந்த வழி, பணம் போட்ட ஊர்க்காரர்கள் பத்துப் பேராவது தங்கள் பங்கு இவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது. கேட்டுப் பார்க்க நாங்களே போனோம், பஸ் பிடித்து இறங்கி, ஏரிக்கரையோரமாக நடந்து. கோயில் கமிட்டி மண்டபத்தில் உட்கார்ந்திருந்தது, பெரியவர் ஓரமாகத் தூணருகே. எங்களுக்குக் கலர் சோடா வாங்கி வந்து கொடுத்தார்கள். நான் அந்தக் கல்லைப் பார்த்தேன். பளபளவென்று இருந்தது. அதில் என் முகம்கூடத் தெரிந்தது, எழுத்துகளுக்கு நடுவில், வெட்டுப்பட்டு.

சார் பொறுமையாக விளக்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள். கடைசியில் கமிட்டித் தலைவர், பெரியவருக்கு மைத்துனர் முறை, வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து பேசினார். குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"மச்சான், பரிவட்டம் கட்டிக்கினப்போ தல உன்து. வரின்னு வந்தா மட்டும் தல எங்களுதா?"

பெரியவர் தோள்துண்டை எடுத்து மடித்தார். கும்பாபிஷேகத்தன்று முதல் மரியாதை வாங்கியதும், யானையில் ஏற்றாத குறையாகத் தெருவைச் சுற்றி வந்ததும் எல்லோருக்கும் நினைவிருந்தது. ஊரின் பணத்தில் அவர் பெருமைப்பட்டார், அவர் பெருமையில் ஊர் பெருமைப்பட்டது. அன்றைக்கு அந்தக் கொடுக்கல் வாங்கல் யாருக்கும் உறுத்தவில்லை.

காரணம் அது மட்டும் இல்லை. பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே வந்த ஒருவர், யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டுச் சாரிடம் கேட்டார். "கையெழுத்து போட்டா நாளைக்கு எங்க வூட்டுக்கும் அந்தக் கவரு வரும்ல சார்?" அந்த ஊரில் எல்லோருமே நிலம் விற்றவர்கள். பத்திரத்தில் ஒரு விலை, கையில் ஒரு விலை. வராது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் போட்டிருப்பார். சார் சொல்லவில்லை. வரக்கூடும் என்பது அவருக்குத் தெரியும். பஸ் வரும்வரை மூன்று பேரும் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

இனி பெரியவர் வாய்தான் பாக்கி. நான் போட்டது இவ்வளவு, மற்றது ஊர்ப்பணம், கல்லில் பெயர் வழக்கத்துக்காக வெட்டியது என்று அதிகாரி முன்னால் அவரே சொல்லவேண்டும். அதிகாரி முழுக்க ஏற்காவிட்டாலும் பாதியாவது குறைப்பார், பாதி குறைந்தால் கிணற்றடி தப்பும் என்று சார் கணக்குப் போட்டார். ஆபீசில் அவரை உட்காரவைத்து நான் அதிகாரி மாதிரி கேட்பேன், அவர் சொல்வார். முதலில் தடுமாறினார். பிறகு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பித்தார். மகள் ஜன்னலோரம் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். அவர் சரியாகச் சொன்ன அன்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

நுங்கம்பாக்கம் வரி ஆபீசுக்கு நான்கு பேரும் ரயிலில் போனோம். அதிகாரி நல்ல மனிதர். பெரியவருக்கு நாற்காலி போடச் சொன்னார். கேட்டதுகூட உதவுகிற மாதிரிதான் இருந்தது. முழுத்தொகையும் நீங்களே கொடுத்ததா, இல்லை கல்லில் இருப்பது தவறா, எதுவானாலும் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்றார். பேனாவைத் திறந்து காத்திருந்தார்.

பெரியவர் எழுந்து நின்றார். நாங்கள் சொல்லிக்கொடுத்ததில் எழுந்து நிற்பது இல்லை.

"கல்லுல இருக்கறதுதான் நெசம்."

சார் என்னவோ சொல்லப் பார்த்தார். அதிகாரி கையை உயர்த்தித் தடுத்துவிட்டு, மறுபடி கேட்டார். அவர் மறுபடியும் அதையே சொன்னார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு மனிதன் தன் அரை ஏக்கரை வாயாலேயே உழுது முடித்துவிட்டான். பேனா எழுதத் தொடங்கியது.

மகள் வெளியே பெஞ்சில் இருந்தாள். முகங்களைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள். பிளாட்பாரத்தில் நின்றபோதுதான் அவராகவே சொன்னார், அவளைப் பார்க்காமல், தண்டவாளத்தைப் பார்த்து.

"அம்மன் எதுர்ல கீது அந்தக் கல்லு. அது பொய்யின்னு என் வாயால எப்படிம்மா சொல்றது?"

எதிர்ப்பக்கம் ஒரு ரயில் வந்து, நின்று, போயிற்று.

"கல்லு பொய்யாவக் கூடாது, சரி. எனக்குத் தர்றேன்னு சொன்னது மட்டும் பொய்யாவலாமா நைனா?"

எங்கள் ரயில் வந்தது. அவள் பெண்கள் பெட்டியில் ஏறினாள். நானும் ஏறினேன். தாம்பரம் வரை அவள் கம்பியைப் பிடித்து வாசலிலேயே நின்றாள், உட்கார இடமிருந்தும். கிண்டியும் பரங்கிமலையும் பல்லாவரமும் அவள் தோளுக்குப் பின்னால் ஓடின.

அப்பீல் போட்டோம். நானேதான் டைப் அடித்தேன். அவரே ஒப்புக்கொண்டபின் அதில் சொல்ல என்ன இருக்கிறது, தோற்றது. வரியும் வட்டியும் அபராதமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்தன. கிணற்றடி ஏலத்துக்குப் போனது. வாங்கியவர் கிணற்றை இடிபாடு கொட்டித் தூர்த்தார். எருமைகளை அவள் ஏலத்துக்கு முன்பே விற்றுவிட்டாள். வாங்கியவன் கயிற்றுக்குத் தனியாகக் காசு கொடுத்தானாம், அதை அவள் வாங்கிக்கொள்ளவில்லை என்று யாரோ சொன்னார்கள். பிறகு சானடோரியம் பக்கம் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் தையல் வேலை. தினமும் எங்கள் சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டித்தான் போவாள், டிபன் பையை மார்போடு அணைத்தபடி. நான் ஜன்னலில் நிற்பேன். ஒருநாளும் அவள் நிமிர்ந்து பார்த்ததில்லை. பார்த்திருந்தால் நான்தான் உள்ளே போயிருப்பேன்.

பெரியவர் இறந்தபோது கோயிலிலிருந்து மாலை வந்ததாம்.

தொண்ணூறுகளின் கடைசியில் அங்கே மறுபடி கும்பாபிஷேகம். சாரும் போய்ச் சேர்ந்துவிட்டார், ஆபீசில் டம்ளர் இருந்த மேஜையில் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருந்தது. ஏன் போனேன் என்று தெரியவில்லை, போனேன். ஏரிக்கரை இருந்தது, ஏரியைத்தான் தேடவேண்டியிருந்தது. பழைய கல்லின் எழுத்துகளுக்குப் புதிதாகச் சிவப்புச் சாயம் கொடுத்திருந்தார்கள். இரண்டு பையன்கள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் படித்தார்கள். "லட்சத்து ஒண்ணு தானா? இப்ப மைக் செட்டுக்கே பத்தாது மச்சான்" என்றான் ஒருவன்.

பக்கத்தில் புதிய கல் ஒன்று பதித்திருந்தார்கள், பழையதைவிடப் பெரியது. அதில் யார் பெயரும் இல்லை, தொகையும் இல்லை. ஊர்ப் பொதுமக்கள் உபயம் என்று மட்டும் இருந்தது.