ஒற்றைக் கோடு

உருத்திரபுரத்துக் கமக்கார அமைப்பின் விதைநெல் களஞ்சியத்துக்குப் பொறுப்பாக ஓர் அக்கா இருந்தார். மூக்குக்கண்ணாடியின் ஒரு காலை நூலால் கட்டியிருப்பார். விதைநெல் கேட்டு வரும் தொலைபேசிச் செய்திகளை வாசித்து, பட்டியலைத் தானே திருத்தும் கணினி நிரலை அங்கே நிறுவிக் கொடுத்தவன் நான்.

அவர் தினமும் காலையில் பட்டியலில் மாறியதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதுவார். பழையதை அழிக்கமாட்டார். அதன் மேலே ஒற்றைக் கோடு மட்டும் கீறுவார், எழுத்து தெரியும்.

"என்ன மாத்தினாலும் கணினி தானே குறிச்சு வைக்கும் அக்கா. இது வீண்வேலை" என்றேன்.

"மாத்திறதும் அது, குறிக்கிறதும் அது. பிறகு நான் ஆரைத் தம்பி கேக்கிறது?"

எனக்கு எரிச்சல்தான் வந்தது.

விதைப்புக்கு முதல் வாரம் ஒரு கமக்காரர் வந்து சத்தம் போட்டார். "நான் மூண்டரை மாச நெல்லெல்லோ கேட்டனான்!" அவருக்கு மூன்று மாதத்தில் விளையும் நெல் பதிவாகியிருந்தது. கணினியின் குறிப்பும் அவர் முதலிலேயே அதைத்தான் கேட்டதாகச் சொன்னது. கொப்பியிலோ, கோட்டுக்குக் கீழே 'மூன்றரை' தெளிவாக இருந்தது.

தன் குறிப்பையே திருத்தும் அனுமதியை, வசதிக்காக, நிரலுக்கு நான்தான் கொடுத்திருந்தேன். சத்தமில்லாமல் அதை நிறுத்தினேன்.

அக்கா பேனையைத் திறந்தார். "இப்ப என்ன மாத்தினீங்கள் தம்பி? சொல்லுங்கோ, எழுதவேணும்."

"ஒண்டும் மாத்தேல்லை."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு நேரத்தைப் பார்த்து, நான் சொன்னதை அப்படியே எழுதினார்.

அந்த வரியின் மேல் கோடு கீறச் சொல்ல நான் இன்னும் போகவில்லை.