மாதக் கடைசி கேஸ்

மாதக் கடைசி வந்தால் எங்கள் ஊர்ப் போலீஸ் ஸ்டேஷனில் குற்றவாளிப் பஞ்சம் வந்துவிடும். மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் நாஸ்தா கடை வைத்திருக்கும் நான் இந்தக் கூத்தை வருஷக்கணக்காகப் பார்க்கிறேன். மேலே கணக்குக் காட்ட இத்தனை பெட்டி கேஸ் வேண்டுமாம். சின்னக் குற்றம், சின்ன அபராதம். நிஜத் திருடனைத் தேடிப் பிடிப்பது பேஜாரு, தெரிந்தவனிடம் கேட்டு வாங்குவது சுலபம். ஏட்டையா கடை கடையாக வந்து, கைமாற்றாகச் சர்க்கரை கேட்பதுபோல, "ஒரு கேஸ் குடும்மா" என்பார். ஆட்டோக்காரர், இளநீர்க்காரர் எல்லோரும் கொடுத்திருக்கிறார்கள். கடையை ரோட்டில் நீட்டி வைத்ததாக நானும் ஒன்று கொடுத்தேன். கோர்ட்டில் போய் ஒத்துக்கொண்டால் போதும், அபராதத்தை அவரே கட்டிவிடுவார். அவ்வளவு பெரிய மனசு.

அப்படி ஒரு மாதக் கடைசியில் என் தம்பியைக் கேட்டார். அவன் போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்விலும் ஓட்டத்திலும் தேறி, ஆர்டருக்காகக் காத்திருந்தான். கடற்கரை மணலில் ஓடி ஓடிக் கால் காய்த்துப்போனவன். அதுவரை எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அடுத்தவர் வயலில் கூலிக்குக் குனிந்தவர்கள். காக்கி போடப் போகும் முதல் ஆள் அவன்தான்.

"நாளைக்கு நீயும் நம்ம டிபார்ட்மென்ட்டு. நீ ஒத்தாசை பண்ணாம வேற யாரு பண்ணுவா?" என்றார் ஏட்டையா.

"வேலைக்கு எதனா இடைஞ்சல் வருமா, ஏட்டையா?" என்று நான் கேட்டேன்.

"இன்னாம்மா நீ, இதெல்லாம் ஒரு கேஸா? அன்னிக்கே முடிஞ்சிடும்."

தம்பிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பொது இடத்தில் கூச்சல் போட்டு மக்களுக்கு இடைஞ்சல் செய்தானாம். குழம்பில் உப்பே இல்லாவிட்டாலும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டு எழுந்திருக்கிற பிள்ளை அவன். கோர்ட்டில் குற்றத்தை ஒத்துக்கொண்டான். அபராதம் போட்டு, கோர்ட் கலையும் வரை உள்ளேயே இருக்க வேண்டும் என்று தண்டனையும் கொடுத்தார்கள். சாயங்காலம் வரை பின் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தான்.

பிறகு அவன் நடத்தையை விசாரித்து எழுதச் சொல்லி அதே ஸ்டேஷனுக்குக் காகிதம் வந்தது. அதே ஏட்டையாதான் எழுதினார். குற்ற வழக்கில் தண்டனை பெற்றவர் என்று எழுதி அனுப்பிவிட்டார். வேலை போயிற்று.

நான் ஸ்டேஷன் வாசலில் போய் நின்று கேட்டேன். "ரெக்கார்டுல கீதும்மா. நான் பொய் எழுத முடியுமா?" என்றார். உத்தமர், பொய் எழுத மாட்டாராம். கொலை செய்தவன்கூட அப்பீல் போய் வெளியே வருகிறான். தானே ஒத்துக்கொண்டவனுக்கு அந்த வழியும் இல்லை என்று வக்கீல் கையை விரித்துவிட்டார். செய்யாத குற்றத்துக்கு ஒரு சாயங்காலம் வரை தண்டனை என்று தீர்ப்பு. அது எந்தச் சாயங்காலம் என்று யாரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு தம்பி ஓடப் போகவில்லை. என் கடையில் தட்டு கழுவினான்.

அடுத்த மாதக் கடைசியிலும் ஏட்டையா வந்தார். கூச்சநாச்சமே இல்லாமல் தோசை கேட்டார், கெட்டிச் சட்னி கேட்டார். கை கழுவிவிட்டுத் தம்பியைப் பார்த்தார்.

"ஒரு கேஸ் குறையுது தம்பி. உனக்குத்தான் ஏற்கெனவே ஒண்ணு கீதே. இன்னொண்ணு ஆனா இன்னா?"

தம்பி தட்டைத் தூக்கிப் போட்டான். அந்த வாயிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று கூடப் பிறந்த எனக்கே தெரியாது. பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் அப்படியே நின்றார்கள். ரோடு அடைத்துக் கூட்டம் கூடிவிட்டது.

ஏட்டையா தொப்பியை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தார். அன்றைக்குத்தான் என் தம்பி நிஜமாகவே பொது இடத்தில் கூச்சல் போட்டான். அதற்கு அவர் கேஸ் எழுதவில்லை.