மாமியின் வீட்டுக்காரரை டிகாக்ஷனில் வரைந்த கதை

பம்பாயில் காபியால் படம் வரையும் வித்தையைக் கண்டுபிடித்தவன் நான்தான். பொய். கண்டுபிடித்தது ஓர் ஓட்டை டம்ளர். அது காலண்டர் தாளில் விட்ட வட்டக் கறை எங்கள் முதலாளி முகம்போல இருந்தது. நான் மீசை மட்டும் வைத்தேன்.

அறுபதுகளில் மாட்டுங்காவில் ஒரு காபி ஓட்டலில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். குடியிருப்பு தாராவி. படிப்பு கிடையாது, நான் வாயில் வந்ததைச் சொல்ல, இதை என் மகள்தான் எழுதுகிறாள்.

காலைக் கூட்டம் வடிந்ததும், தீக்குச்சியில் பஞ்சு சுற்றி, பாத்திரத்தின் அடியில் மிஞ்சிய டிகாக்ஷனைத் தொட்டு வரைவேன். முதலில் தண்ணீர் கலந்து வெளிறலாக ஒரு பூச்சு. காய்ந்த பிறகு கெட்டியாக இன்னொன்று. காபியில் இருட்டாக்கலாம், வெளுக்க முடியாது. வெளிச்சம் வேண்டிய இடத்தில் தாளைத் தொடாமல் விடவேண்டும். அதைக் கற்பதற்குள் எத்தனையோ பேரைக் கரிக்கட்டை ஆக்கிவிட்டேன்.

ஓட்டலுக்கு அப்பளம் போடும் கல்யாணி மாமி ஒருநாள் சுருக்குப்பையிலிருந்து நகத்தளவு போட்டோ ஒன்றை எடுத்தார். ரயில்வே பாஸில் இருந்த அவர் வீட்டுக்காரர் படம். ஈரம் பட்டு மங்கியிருந்தது. அவர் இறந்தபோது மகளுக்கு ஒரு வயது. இப்போது அவளுக்கு வெள்ளிக்கிழமை செம்பூரில் கல்யாணம்.

"ஸ்டூடியோக்காரன் இதப் பெருசு பண்ண முடியாதுன்னுட்டான். அவளுக்கு அப்பா மூஞ்சியே தெரியாதுடா சுடலை. நமஸ்காரம் பண்ணிட்டுக் கெளம்ப ஒரு படம் வேணும். உன்னால ஆகுமா?"

"ஜமாய்ச்சிருவோம் மாமி."

மாமி பக்கத்தில் நின்று மூக்கையும் தாடையையும் சொல்லச் சொல்ல, இரண்டு நாளில் முடித்தேன். முகம் பளபளவென்று மின்னியது. கைராசி என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

வியாழன் காலை மாமி படத்தோடு திரும்பி வந்தார். மீசை நகர்ந்துகொண்டிருந்தது. எறும்பு. கூட்ட நேரத்து அவசரத்துக்காக எங்கள் ஓட்டலில் டிகாக்ஷன் பாத்திரத்திலேயே சர்க்கரையைக் கொட்டிவிடுவோம். கொட்டுகிறவனே நான்தான்.

முதலாளி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். மாமி சிரிக்கவில்லை.

"சர்க்கரை வியாதியிலதாண்டா போனார். டாக்டர் சர்க்கரையக் கண்ணால கூடப் பாக்கப்படாதுன்னார். நீ மூஞ்சி பூரா பூசியிருக்கே."

முதலாளி சிரிப்பை நிறுத்தினார்.

"மாஸ்டர்கிட்ட சர்க்கரை போடாத டிகாக்ஷன் வாங்கிக்கோடா. ஜல்தி. டம்ளர நான் பாத்துக்கறேன்."

அன்று அவரே கழுவினார். இரண்டைத் தொலைத்தும் விட்டார்.

வெறும் டிகாக்ஷனில் மறுபடி வரைந்தேன். மினுக்கம் போயே போயிற்று. மாலையில் மாமியிடம் நீட்டக் கை கூசியது.

"பாலிஷ் இல்லாம சப்புனு இருக்கு மாமி."

மாமி படத்தை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அவர் இப்படித்தான் இருப்பார். ஆபீஸ்லேர்ந்து வந்து செருப்பக் கழட்டறச்சே."

வெள்ளிக்கிழமை நானும் செம்பூர் போனேன். நமஸ்காரம் செய்து எழுந்த பெண் நகரவில்லை. படத்தைப் பார்த்தபடி தன் தாடையைத் தடவினாள்.

"அம்மா, இது இவரோடதா?"

மாமி தலையை மட்டும் ஆட்டினார்.

என் கைராசி என்று நான் நினைத்த பளபளப்பு சர்க்கரை. தாடை மட்டும்தான் என் கைவேலை, அதுவும் மாமி சொல்லி வந்தது. அதிலிருந்து நான் வரைந்த எது மின்னினாலும் முதலில் நக்கிப் பார்த்துவிடுவேன். ஒருமுறை முதலாளி படத்தை நக்கிக்கொண்டிருந்தபோது அவரே பின்னால் வந்து நின்று, இடுப்பில் கை வைத்து...

"ஏங்க, பைப்புல தண்ணி வந்துட்டு. கதைய விட்டுட்டுக் கொடத்த எடுங்க."

வீட்டில் கூப்பிடுகிறாள். போகிறேன்.