திரும்பி வந்த மட்டித் தொக்கு

பன்னிரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கஸ்தூரி அக்காவிடமிருந்து போன் வந்தது. மதியச் சாப்பாட்டு வண்டி அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தது.

"ரேவதிம்மா, காலைல குடுத்த மட்டிய யாருக்கும் போட்டுடாத. எங்க வூட்டுக்காரரு அத்தத்தான் துன்னாரு. ஒதடு மரத்துப்போய் கீது, நாக்கு தடிச்சிகினு பேச்சே வர்ல. ஆட்டோல ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறேன்."

கேளம்பாக்கத்தில் ஒரு கேட்டரிங் கிச்சனில் நான் குவாலிட்டி இன்சார்ஜாக இருந்தேன். தினமும் சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் கேன்டீனுக்குச் சாப்பாடு அனுப்புவோம். அந்த வாரம் 'கடலோரச் சமையல்' என்று ஸ்பெஷல் மெனு. அதற்காகத்தான் மட்டி என்கிற சிப்பி. கஸ்தூரி அக்காவும் கணவரும் கழிமுகத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, சேற்றைத் துழாவி எடுத்து வருவார்கள்.

என் வேலையில் நான் குறை வைக்கவில்லை. ஓட்டைத் தட்டினால் மூடிக்கொள்கிறதா, அதாவது உயிரோடு இருக்கிறதா என்று பார்த்தேன். உப்புத் தண்ணீரில் போட்டு மணலைக் கக்க வைத்தோம். வேகவைத்த பிறகும் வாய் திறக்காதவற்றைப் பொறுக்கி எறிந்தோம். கடைசியில், வழக்கம்போல ஒரு ஸ்பூன் தொக்கை நானே ருசி பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

போனை வைத்ததும் முதலில் நினைவுக்கு வந்தது அந்த ஸ்பூன்தான்.

முதலாளி நடராஜன் சார் அறைக்கு ஓடினேன். அவர் நம்பவில்லை.

"அரை மணி நேரம் கொதிச்சிருக்கு மேடம். எந்தக் கிருமி தாங்கும்? அந்த ஆளு வேற எதையாவது சாப்பிட்டிருப்பான்."

"கிருமி இல்ல சார், விஷம். மட்டி தண்ணிய வடிகட்டித்தான் இரை எடுக்கும். தண்ணியில சில சமயம் விஷப்பாசி பெருகும். கண்ணுக்குத் தெரியாது. அந்த விஷம் மட்டியோட சதையில தங்கிடும். எவ்வளவு கொதிக்க வச்சாலும் போகாது."

"இதுல அது இருக்குன்னு உங்களுக்கு நிச்சயமா தெரியுமா?"

"தெரியாது சார்."

"தெரியாம எப்படி நிறுத்தச் சொல்றீங்க? ஸ்பெஷல் மெனுன்னு நாமதானே கேட்டு வாங்கினோம்? நாளைக்கு நம்மள வாசல்ல சேர்ப்பாங்களா?"

தினமும் ஒவ்வொரு அயிட்டத்திலும் கொஞ்சம் எடுத்து ஃப்ரிட்ஜில் வைப்போம். அன்றைய தொக்கு சாம்பிளை எடுத்துவந்து அவர் மேஜையில் வைத்தேன்.

"நீங்க ஒரு வாய் சாப்பிடுங்க சார். நான் போய் என் வேலையைப் பாக்குறேன்."

அவர் டப்பாவின் மூடியில் கை வைத்தார். திறக்கவில்லை. கையை எடுத்துக் கார் சாவியை எடுத்தார்.

வண்டி டிரைவருக்கும், கவுண்டரில் இருந்த எங்கள் ஆள் பாபுவுக்கும் வழியெல்லாம் போன் போட்டேன். எடுக்கவில்லை. அந்த கம்பெனியில் செல்போனை கேட்டிலேயே லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கம்பெனியின் ஆபீஸ் நம்பரிலும் ரிங் போய்க்கொண்டே இருந்தது. பன்னிரண்டேகாலுக்கு கவுண்டர் திறப்பார்கள். மணி பன்னிரண்டு பத்து. முன்னால் ஒரு தண்ணீர் லாரி அசைந்து அசைந்து போய்க்கொண்டிருந்தது. என் கீழுதடு லேசாகக் குறுகுறுத்தது. பயமா, விஷமா, எனக்கே புரியவில்லை. சாரிடம் சொல்லவில்லை.

கேட்டில் செக்யூரிட்டி தடுத்தார். "விசிட்டர் பாஸ் இல்லாம உள்ள விட முடியாது சார்."

இருபது நிமிடத்துக்கு முன்னால் கம்பெனிக்காரர்களின் காதுக்குப் போகக் கூடாதென்று பதறிய மனிதர், காரிலிருந்து இறங்கி எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினார். "எங்க சாப்பாட்டுல விஷம் இருக்குய்யா! வாக்கி டாக்கில சொல்லு, கவுண்டர மூடச் சொல்லு!"

நாங்கள் கேன்டீனுக்குள் ஓடியபோது பாபு கரண்டியோடு திகைத்து நின்றார். பதினான்கு தட்டுகளில் தொக்கு போயிருந்தது. மேஜை மேஜையாகப் போய்ப் பிடுங்காத குறையாக வாங்கினோம். பன்னிரண்டு பேர் தொடவில்லை. ஓர் இளைஞன் ஒரு வாய் சாப்பிட்டிருந்தான். ஒரு பெண் முழுவதையும் சாப்பிட்டு முடித்திருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லையே மேடம்" என்றாள் அவள். நான் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். பத்து நிமிடம் கழித்து, "நாக்குல ஊசி குத்துற மாதிரி இருக்கு. காரம்னு நினைச்சேன்" என்று என் கையைப் பிடித்தாள். விரல்களும் மரத்துப்போவதாகச் சொன்னாள்.

ஒரே ஆம்புலன்ஸில் மூன்று பேரும் போனோம். இதற்கு மாற்று மருந்து கிடையாது, மூச்சு நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம் என்றார் டாக்டர். இளைஞனுக்கு எதுவும் ஆகவில்லை. என் குறுகுறுப்பு மாலைக்குள் அடங்கியது. அந்தப் பெண்ணுக்குக் கை கால் சரியாக மறுநாள் ஆனது. கஸ்தூரி அக்காவின் கணவருக்கு இரண்டு நாள் செயற்கைச் சுவாசம் வைத்தார்கள். மூன்றாம் நாள் அவரே மூச்சுவிட்டார்.

சாம்பிள் டப்பாவை அதிகாரிகளிடம் கொடுத்தோம். லேப் ரிப்போர்ட்டில் விஷம் உறுதியானது. அந்தக் கழிமுகத்தில் மட்டி எடுக்கச் சில வாரங்கள் தடை போட்டார்கள். எங்கள் சாப்பாட்டையும் கம்பெனி நிறுத்தியது. மறுபடி கூப்பிடப் பல மாதம் ஆனது. மீனவக் குப்பத்தில் சிலர் கஸ்தூரி அக்காவோடு பேச்சை நிறுத்தினார்கள், அவர் வாயால்தான் எல்லோர் பிழைப்பும் போனதாம்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சந்தேகம் வந்தால் முதலில் நிறுத்துங்கள், நிச்சயமா என்று பிறகு விசாரியுங்கள். அன்றைக்கு என் செக்லிஸ்ட்டில் எல்லாமே டிக் ஆகியிருந்தது. அதில் இல்லாத ஒரு போன் கால்தான் அந்த கேன்டீனைக் காப்பாற்றியது.

ஆஸ்பத்திரியில் கணவரின் கட்டிலோரம் நின்றிருந்த அக்காவிடம் கேட்டேன். "எனக்கு போன் பண்ணா உங்க வியாபாரம் போயிடும்னு தோணலையாக்கா?"

"தோணுச்சும்மா" என்றார். "போன வச்ச பெறகுதான் தோணுச்சு."