முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு

படுக்கையில் கிடப்பவரைத் தூக்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. முழங்காலை மடக்கி, அவர் உடம்பை ஒட்டி நின்று, தொடையின் பலத்தால் தூக்க வேண்டும். பயிற்சியில் இதைத்தான் முதலில் சொல்லிக் கொடுப்பார்கள். மணிக்கூண்டும் அதை ஒழுங்காகப் படித்தவள்தான். ஆனால் குளியலறையில் வழுக்கி விழுகிற ஆள், நாம் முறைப்படி நிற்கும்வரை காத்திருக்க மாட்டார். அப்படிச் சரிந்த ஒரு கனத்த மனிதரை எட்டிப் பிடித்தபோது அவள் கழுத்து பிடித்துக்கொண்டது. பிடித்தது பிடித்ததுதான். அதன் பிறகு பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க வேண்டுமென்றாலும் உடம்பையே திருப்பித்தான் பார்க்கிறாள்.

மணிக்கூண்டு என்பது கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர். சொன்ன நேரத்துக்கு வாசலில் நிற்பாள் என்பதற்காக வைத்தார்கள். கழுத்து திரும்பாமல் போனபின், "இப்பத்தான் பேரு சரியா உக்காந்திருக்கு" என்று அவளே சொல்லிச் சிரித்துக்கொள்வாள்.

வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் வேலை அவளுக்கு. சைக்கிள்தான் வாகனம். காலையிலும் மதியமும் போகிற வீடுகள் மாறிக்கொண்டே இருக்கும். மாலையில் மட்டும் எப்போதும் பெரியவர் வீடு. வாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன மனிதர். வேறு யார் ஊட்டினாலும் துப்பிவிடுவார், இவள் ஊட்டினால் விழுங்குவார். அவருக்கு உணவு கொடுத்து, துடைத்து, உடை மாற்றிப் படுக்க வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். தையல்காரரான அவள் கணவருக்குக் கண் மங்கி, வேலை பாதியாகக் குறைந்துவிட்டது. குடும்பம் அந்த மாலை வீட்டை நம்பித்தான் நின்றது. அதை விட்டால் பிடித்துக்கொள்ள வேறு கிளை இல்லை.

சிக்கல், திரும்பி வரும் வழியில்தான். பாலம் வரைக்கும் தெருவிளக்கு உண்டு. பாலத்தைத் தாண்டினால் தொழிற்சாலையின் நீண்ட மதில். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் சாக்கடை, நடுவில் லாரிகள். பொழுது சீக்கிரம் சாய்கிற மாதங்களில் அவள் அந்தச் சாலைக்கு வரும்போது கையை நீட்டினால் விரல் தெரியாது. ஒரு மாலை பள்ளத்தில் விழுந்து முழங்கைத் தோல் பெயர்ந்து வீட்டுக்கு வந்தாள்.

கணவர் மருந்து தடவியபடியே சொன்னார்: "அந்த வீட்டை விட்டுடு. கால் கீல் உடைஞ்சா உன்னை யார் பார்த்துக்குவா? நானா? ஊசியில நூல் கோக்கவே எனக்கு ஒரு ஆள் வேணும்."

"விட்டுட்டு எதைச் சாப்பிடுறது? நூலையா?"

"அப்ப ஒரு நல்ல லைட்டாவது வாங்கு."

இதைக் கேட்டதும் ஓடி வந்தவள் சிட்டு. அதே நிறுவனத்தில் வேலை, பயிற்சியிலும் அவளோடு சேர்ந்தே இருந்தவள். ஆள் சின்னது, வாய் பெரியது. மணிக்கூண்டை "அக்கா" என்று கூப்பிட்டு, அவள் டப்பாவில் இருப்பதைக் கேட்காமல் எடுத்துத் தின்கிற அளவுக்கு உரிமை. கழுத்துப் பிடிப்புக்குத் தைலம் தேய்த்துவிட்டவளும் அவள்தான். சிட்டுவுக்கும் பெரியவர் வீட்டுக்கு அடுத்த தெருவில் மாலை வேலை. அவள் வீடும் மதில் சாலையின் மறுமுனையில்தான். இருவரும் சேர்ந்துதான் திரும்புவார்கள்.

சைக்கிள் கடைக்காரர் ஒரு அட்டைப்பெட்டி நிறைய இருந்த விளக்குகளை மேசையில் பரப்பினார். "மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. நீங்க ரோட்டைப் பார்க்கணுமா, இல்ல ரோட்டுல வர்றவன் உங்களைப் பார்க்கணுமா?"

"ரெண்டும்தான்" என்றாள் மணிக்கூண்டு.

"அப்ப இந்தப் பொத்தான் மாதிரி இருக்கிறது வேணாம். இது சும்மா மினுக்கும். ஆள் இருக்குன்னு தெரியும், பள்ளம் தெரியாது. இதைப் பாருங்க. முன்னால வெள்ளை, பின்னால சிவப்பு, ஒரு ஜோடி. சார்ஜ் பண்ணிக்கலாம். விலைதான் கொஞ்சம் கடிக்கும்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கையில் இருந்ததற்கு மினுக்குகிற ஜோடி ஆளுக்கு ஒன்று வாங்கலாம். நல்ல ஜோடி என்றால் ஒன்றுதான். அப்போது சிட்டுவுக்கு யோசனை வந்தது.

"அக்கா, நாம எப்பவும் ஒண்ணாத்தானே போறோம்? நீ முன்னால, நான் பின்னால. நல்லதா ஒரு ஜோடி வாங்குவோம். வெள்ளை உனக்கு, சிவப்பு எனக்கு. உன் வெளிச்சத்துல நான் வருவேன், என் வெளிச்சத்துல லாரிக்காரன் நம்ம ரெண்டு பேரையும் பார்ப்பான். ரெண்டு சைக்கிள் சேர்ந்தா ஒரு வண்டி!"

"ஜோடியைப் பிரிக்கக் கூடாதுக்கா" என்றார் கடைக்காரர்.

"நாங்க பிரியவே மாட்டோம். நீங்க கவலைப்படாம மாட்டுங்க" என்றாள் சிட்டு.

வெளியே நின்று யோசித்தால் இது பைத்தியக்காரத்தனம் என்று யாருக்கும் தெரியும். ஆனால் ஒரே நோயாளியை இருவராகப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது இயல்பாகத்தான் பட்டது. ஒருத்தி தலைமாட்டில், ஒருத்தி கால்மாட்டில். பாதி வேலை உன்னுடையது, பாதி என்னுடையது. மணிக்கூண்டு தலையை ஆட்டினாள், அதாவது தோளை ஆட்டினாள்.

ஏற்பாடு நன்றாகவே ஓடியது. மதில் சாலையில் பள்ளங்கள் எல்லாம் முகம் காட்டின. லாரிகள் ஒதுங்கிப் போயின. முச்சந்தியில் சிட்டு தன் தெருவுக்குத் திரும்பும்போது சைக்கிள் மணியை அடிப்பாள். மணிக்கூண்டு திரும்பிப் பார்க்க முடியாதவள் என்பதால் ஒரு கையை மட்டும் தூக்கிக் காட்டுவாள். அங்கிருந்து அவள் வீடு கூப்பிடு தூரம், தெருவிளக்கும் உண்டு.

கொஞ்ச நாளில் மணிச் சத்தம் நின்றுபோனது.

"மணி கெட்டுப் போச்சுக்கா. ஸ்ப்ரிங் உடைஞ்சிருக்கு" என்றாள் சிட்டு. "நீ பாட்டுக்குப் போ. நான் பின்னாலதான் இருக்கேன்."

அதனால் மணிக்கூண்டு சத்தம் கேட்காமலே முச்சந்தியில் கையைத் தூக்கிக் காட்டினாள். மதில் ஓரமாக வரும்போது அன்றைய கதையையும் பேசிக்கொண்டே வருவாள்: பெரியவர் இன்று எதைத் துப்பினார், அவர் மருமகள் என்ன முனகினாள். லாரி இரைச்சலில் பதில் கேட்காதது அவளுக்கு வித்தியாசமாகத் தோன்றவில்லை. ஒருநாள் ஒரு லாரி மிக நெருக்கமாக வந்து, அதன் காற்று அவளைச் சுவர்மேல் தள்ளப் பார்த்தது. மறுநாள் காலை சொன்னபோது சிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"நானும் பார்த்தேன்கா. எனக்கு உயிரே போயிடுச்சு!"

அடுத்த வாரத்தில் ஒரு லாரி அவளுக்குப் பின்னால் கிறீச்சென்று நின்றது. அவள் தடுமாறிச் சுவரில் சாய்ந்தாள். ஓட்டுநர் இறங்கி வந்தார். கோபத்தைவிடப் பயம்தான் அவர் முகத்தில் அதிகம்.

"ஏம்மா, பின்னாடி ஒரு லைட் போட்டா குறைஞ்சா போயிடுவே? கடைசி நிமிஷத்துலதான் உன் சேலை கண்ணுல பட்டுச்சு. இல்லேன்னா நான் ஜெயிலுக்கு, நீ மேலோகத்துக்கு."

"லைட் இருக்குங்க. பின்னால வர்ற என் தங்கச்சி சைக்கிள்ல இருக்கு."

ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். சாலை காலியாக இருந்தது.

"எந்தத் தங்கச்சி? பாலத்துலேர்ந்து உன் பின்னால வர்றது நான் ஒருத்தன்தான்."

மணிக்கூண்டு உடம்பை முழுதாகத் திருப்பிப் பார்த்தாள். லாரியின் விளக்குக்கு அப்பால் சுவரும் இருட்டும் மட்டுமே. முதலில் அவளுக்குத் தோன்றியது, சிட்டு எங்கேயோ விழுந்துவிட்டாள் என்பதுதான். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு, சாக்கடைப் பக்கம் வெளிச்சம் அடித்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபடியே பாலம் வரை போனாள். பாலத்தடியில் பழக்கடைக்காரி பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"யாரைத் தேடுறே? உன்கூட வருமே, அந்தச் சின்னப் பொண்ணா? அது தினமும் இங்கேயே திரும்பிடுதே. அந்தப் பச்சைக் கேட் வீட்டுக்கு."

பச்சைக் கேட்டுக்குள் சிட்டுவின் சைக்கிள் நின்றது. சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. மணிக்கூண்டு கம்பிக்குள் கையை விட்டு மணியைத் தட்டினாள். அது கணீரென்று ஒலித்தது.

உள்ளே போகவில்லை. போயிருந்தால் என்ன பேசியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. சைக்கிளை உருட்டிக்கொண்டு மதில் ஓரமாக நடந்தே வீட்டுக்கு வந்தாள். கணவரிடம் டயர் பஞ்சர் என்றாள்.

மறுநாள் காலை நிறுவனத்தில் கையுறை வாங்க நின்ற இடத்தில் சிட்டுவைப் பிடித்தாள்.

"நேத்து முச்சந்தியில நான் கையைத் தூக்கினேன். பார்த்தியா?"

"பார்த்தேனேக்கா."

"நேத்து நான் முச்சந்திக்கு நடந்து வந்தேன். கையில சைக்கிள் இருந்துச்சு, கையைத் தூக்கல."

 சிட்டு கையுறைப் பெட்டியைப் பார்த்தபடியே மடமடவென்று கொட்டினாள். பச்சைக் கேட் வீட்டில் ஒரு அம்மாவுக்கு மாத்திரை கொடுக்க ஆள் கேட்டார்கள், சின்ன வேலைதான், ராத்திரி அங்கேயே படுத்துக்கொள்ளலாம், சொன்னால் அக்கா பயந்துபோய் மாலை வீட்டையே விட்டுவிடுவாள் என்று சொல்லவில்லை. இல்லை, நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போய்விட்டது. இல்லை, சிவப்பு விளக்கைத் திருப்பிக் கேட்பாளோ என்று. உண்மையான காரணம் ஒன்று இருந்திருந்தால் மூன்றைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

"அங்க போறேன்னு சொல்லியிருந்தா வேற லைட் வாங்கியிருப்பேன். அவ்வளவுதானே?" என்றாள் மணிக்கூண்டு. "லாரி வந்ததை நீயும் பார்த்ததா சொன்னியே. அதை எதுக்குச் சொன்னே?"

சிட்டு கையுறைகளை வாங்கிப் பையில் திணித்துக்கொண்டு நகர்ந்தாள்.

அன்று மதியம் மணிக்கூண்டு சைக்கிள் கடைக்குப் போனாள்.   இந்த முறை அவள் அவசரப்படவில்லை. மினுக்குகிறதை ஒதுக்கினாள், மினுக்கினால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று வருகிறவனுக்குக் கணக்குத் தெரியாது. பையில் மாட்டிக்கொள்கிறதையும் ஒதுக்கினாள். பை சரிந்தால் விளக்கு தரையைப் பார்க்கும். இருக்கைத் தண்டில் இறுகப் பிடிக்கிற, நின்று எரிகிற சிவப்பு ஒன்றை எடுத்தாள். முந்தானை அதன்மேல் விழுகிறதா என்று உட்கார்ந்து பார்த்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இருட்டின பிறகு வரேன். நீங்க என் சைக்கிளை ஓட்டிக்கிட்டு அந்த முனை வரைக்கும் போகணும்."

"எதுக்குக்கா?"

"என் முதுகை நான் ஒரு தடவை பார்க்கணும்."

பெரியவர் வீட்டுக்கு அன்று மட்டும் கொஞ்சம் தாமதமாக வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். பொழுது சாய்ந்ததும் கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஓட்டிப் போனார். அவள் நடுத்தெருவில் நின்று, லாரிக்காரன் பார்ப்பது போலப் பார்த்தாள். தெரு முனையிலும் அந்தச் சிவப்பு தெளிவாகத் தெரிந்தது. கைப்பிடியில் சின்னக் கண்ணாடி ஒன்றையும் மாட்டச் சொன்னாள். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். பின்னால் ஆள் இருக்கும்போது கண்ணாடி எதற்கு என்று இருந்துவிட்டாள்.

வாரக் கடைசியில், பெரியவரைப் படுக்க வைத்துவிட்டு வெளியே வந்தபோது சிட்டு வாசலில் சைக்கிளோடு நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"பச்சைக் கேட் வேலையை மதியத்துக்கு மாத்திக்கிட்டேன்கா. பழையபடி சேர்ந்து போலாம். நீ முன்னால போ."

"நீ முன்னால போ" என்றாள் மணிக்கூண்டு.

"என்கிட்ட வெள்ளை லைட் இல்லையே."

"என் வெளிச்சம் உன்னைத் தாண்டி ரோட்டுல விழும். நான் பின்னால வரேன். போ."

சிட்டு ஒரு காலை மிதியில் வைத்தாள். எடுத்தாள். பாலத்துக்கு அப்பால் இருந்த இருட்டை நினைத்திருப்பாள்.

"நடுவுல நீ திரும்பிப் போயிட்டேன்னா, நான் என்னக்கா பண்ணுவேன்?"

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே கேட்டது. மணிக்கூண்டு திட்டவில்லை. ஏறி உட்கார்ந்து, முன்விளக்கைப் போட்டு, பின்விளக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு தனியாகக் கிளம்பினாள். பெரியவருக்கு நாளைக்கு முதுகு துடைக்க வேண்டும். புண் வருகிற மாதிரி ஒரு இடம் சிவந்திருக்கிறது. அதை நினைத்துக்கொண்டே மதில் சாலையில் மிதித்தாள். வழியெல்லாம் யாரிடமும் பேசவில்லை.